அவயத்துக்கு உட்கார்ந்த தூபா

ஒப்துலியாவின் வான்கோழி சில நாட்களாக நடுப்பகலில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. காலையில் முற்றத்தில் சோளக் குருணை பொறுக்கும். சாயங்காலம் அடுப்படி வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. காப்பிச் செடிகளுக்கு அடியில் எங்காவது முட்டையிட்டு வைத்தால் நரிக்குத்தான் கொண்டாட்டம். ஒப்துலியா விறகு அடுக்கைக் கலைத்துப் பார்த்தாள். வேலியோரம் குனிந்து பார்த்தாள். அடுத்த வீட்டுத் தோட்டத்தில் இறங்கி ஈர இலைகளுக்குள் கைவிட்டுத் தேடினாள். கடைசியில் தேடாதபோது கிடைத்தது. ரொட்டிக்குச் சோளம் ஊறப்போட வேண்டும் என்று ஏணி வைத்துப் பரண் ஏறியவள், கதிர்க் குவியலுக்குப் பின்னால், தன் புருஷன் பாண்டில் ஊதும் பெரிய பித்தளைக் குழலான தூபாவின் அகன்ற வாய்க்குள் வான்கோழி இறக்கையை அகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

அது சீறியது. ஒப்துலியா மெதுவாகக் கையை அடியில் விட்டாள். சோளத் தோகைகளுக்கு நடுவே முட்டைகள் கதகதவென்று இருந்தன. அவள் ஏணியில் சத்தமில்லாமல் இறங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அபுந்தியோவிடம் சொன்னாள்.

“உன் தூபா அவயத்துக்கு உக்காந்திருச்சு.”

அவனுக்குப் புரியவில்லை. வான்கோழி அதன் வாய்க்குள் முட்டையிட்டு அடைகாக்கிறது என்று அவளே விளக்கினாள். பேசும்போது அவள் முகத்தில் அத்தனை மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அபுந்தியோ மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு பரணைப் பார்த்தான். “கிடக்கட்டும். எனக்கு இனிமே அது எதுக்கு?” என்றான்.

அந்த வெளிச்சத்துக்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் வந்த கொள்ளைநோயில் எங்கள் ஊர் யாகெலாவில் மட்டுமல்ல, மலையில் எந்த ஊரிலும் வான்கோழி மிஞ்சவில்லை. ஒப்துலியாவின் மந்தையில் இந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பியது. அடுத்த வீட்டில் ஒரு வான்கோழிச் சேவல் தப்பியது. அதே நேரம் பார்த்து ஊர்க்கூட்டத்தில், வருகிற நவம்பர் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிப் பாண்டு வாத்தியக் குழுவுக்குச் சாப்பாடு போடும் முறை அபுந்தியோ வீட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு இன்னொரு ஊர்ப் பாண்டு வந்து வாசித்துவிட்டுப் போகும். அந்த ஊர்த் திருவிழாவுக்கு நாம் போய் வாசிக்க வேண்டும். பதில் மேளம் என்று சொல்வோம். வந்த பாண்டுக்கு வான்கோழிக் குழம்பு ஊற்றாத வீடு வீடில்லை. எப்போதோ ஒரு வருஷம் நாட்டுக்கோழியைப் போட்டுச் சமாளித்த ஒரு குடும்பத்துக்குக் கோழிக்கால் வீடு என்று பேர் வந்து, அந்த வீட்டுப் பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அது தொடர்ந்தது.

ஆகவே இந்த முட்டைகள் பொரித்தால், குஞ்சுகள் மழைக்காலம் முழுக்கத் தின்று வளர்ந்து, நவம்பருக்குச் சரியாக இருக்கும். பொரிக்காவிட்டால் வேறு வழியில்லை. அது ஊருக்கே தெரியும்.

தூபா பரணுக்குப் போன கதையும் ஊருக்குத் தெரியும். அபுந்தியோ இளவயதில் லாஸ் ஏஞ்சலீஸ் போய் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினான். மற்றவர்கள் அங்கிருந்து வண்டி வாங்கி வந்தார்கள். அவன் தூபா வாங்கி வந்தான். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் ஒரு பெரிய பூவைப்போல விரியும் பித்தளைத் தூபா. வரும் வழியில் லாரியிலிருந்து விழுந்து கழுத்து உடைந்ததை ஒரு சைக்கிள் கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தார். அதிலிருந்து அதன் வாயைத் தனியாகக் கழற்ற முடியாது. மற்றபடி மலையில் அவ்வளவு கீழே இறங்கும் தூபா வேறு கிடையாது. அபுந்தியோவும் இறங்குவான். ஆனால் அவன் இறங்குவது பாறாங்கல் இறங்குவதைப்போல.

போன நவம்பரில், கோயில் பூசையில் பாதிரி அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில், எல்லோரும் முழந்தாளில் இருக்க, பாண்டு மெல்லிசாக வாசித்து அடிச்சுரத்தில் முடிக்க வேண்டும். அபுந்தியோ மூச்சை நிரப்பி அடித்தான். அந்தச் சத்தத்தில் கூரை மரங்களில் பல வருஷமாகச் சேர்ந்திருந்த வௌவால் எச்சம் பொலபொலவென்று உதிர்ந்து, விருந்துக்கு வந்திருந்த லாச்சிதா ஊர்ப் பாண்டுக்காரர்களின் தலையிலும் தோளிலும் பெய்தது. லாச்சிதாக்காரர்கள் கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள். அவர்களுடைய தூபாக்காரி பிராக்செதிஸ் சிரித்த சிரிப்பில் அவளுடைய தூபாவே ஒரு சுரம் பேசியது.

பாண்டை நடத்தும் நசாரியோ அபுந்தியோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டான்.

“அடிச்சுரம்னா மெத்தை மாதிரி இருக்கணும்டா. மத்தவங்க அதுமேல படுத்துக்கிடணும். நீ என்னடான்னா எல்லாரையும் மிதிக்கிற.”

“மெத்தை வேணும்னா கடையில போய் வாங்கிக்க, வாத்தியாரே. இது தூபா.”

அதற்குமேல் பேச்சு வளர்ந்தது. அபுந்தியோ தூபாவைத் தோளில் மாட்டியபடியே ஊர்வலத்தின் எதிர்த்திசையில் வீட்டுக்கு நடந்தான். பரணில் ஏற்றி, தூசி போகாமல் வாய்க்குள் சோளத் தோகையை அடைத்து, மூட்டைகளுக்கு நடுவில் மேல்பார்க்கச் சாய்த்து வைத்தான். கோபத்தில் செய்த வேலைதான். ஆனால் ஒரு வான்கோழி மனசுக்குள் எப்படி ஆசைப்படுமோ அப்படியே செய்துவைத்திருந்தான். அவன் இடத்தில் ஒப்துலியாவின் தம்பி ரூத்திலியோ ஊரின் பழைய தூபாவை எடுத்துக்கொண்டான். அதற்கு உடம்பெல்லாம் ஒட்டு. நடுச்சுரம் நன்றாக வரும். கீழே இறங்கச் சொன்னால் படிக்கட்டில் கால் தேடும் கிழவனைப்போலத் தடுமாறும்.

அடைகாக்கும் நாட்களில் பாதி ஓடியிருக்கும். ஒரு நாள் நசாரியோ வந்தான். தோட்டத்தில் காப்பிப் பழம் முடிந்து, எல்லோரும் சோளக் காட்டைச் சுத்தம் செய்து, முதல் மழைக்காகக் காத்திருந்த நேரம். மலையடிவாரத்தில் எரித்த காடுகளின் புகை பகலெல்லாம் நின்றது. நசாரியோ கொல்லைப்புறமாக வந்து, அழைக்காமலே அடுப்படியில் உட்கார்ந்து, ஒப்துலியா கொடுத்த வெல்லக் காப்பியைக் குடித்தான். சோளத்தைப் பற்றிப் பேசினான். கழுதையைப் பற்றிப் பேசினான். அபுந்தியோ அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். மே மாதம் லாச்சிதாவில் சிலுவைத் திருவிழா. பதில் மேளம் போக வேண்டும். அங்கே குன்றின்மேல் ஊற்றுக்கண் பக்கத்தில் புதுச் சிலுவையைத் தூக்கிக் குழியில் நிறுத்துவார்கள். தூக்க ஆரம்பித்ததும் பாண்டில் மற்ற எல்லாக் கருவியும் நின்றுவிடும். தூபா மட்டும் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிலுவை குழியில் உட்காரும் வரைக்கும். மெல்லிசாக. அறுபடாமல். அது அறுந்தால் அந்த வருஷம் ஊற்று வற்றும் என்று லாச்சிதாக்காரர்கள் நம்புகிறார்கள்.

“ரூத்திலியோவால முடியாது. அவனே சொல்லிட்டான்” என்றான் நசாரியோ.

“என்னாலயும் முடியாதுன்னு நீதான சொன்ன?”

“உன்னால கத்தத்தான் முடியும்னு சொன்னேன். இறங்க முடியாதுன்னு சொல்லல. இங்க பாரு, நான் மன்னிப்புக் கேக்க வரல. தூபா கேக்க வந்தேன். கூட நீயும் வந்தா நல்லது.”

அபுந்தியோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். மாதக்கணக்கில் அவன் வயலுக்குப் போகும்போது ஊதுவாயை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத இடத்தில் உதட்டில் வைத்து உறுமிப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் கழுதைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவன் எழுந்து ஏணியை எடுத்தான். ஏணியின் மறுமுனையை ஒப்துலியா பிடித்துக்கொண்டாள்.

“எங்க போற?”

“தூபா எடுக்க.”

“அது தூபா இல்ல. இப்ப அது கூடு.”

முட்டைகளை ஒரு கூடைக்கு மாற்றிவிடலாமே என்று நசாரியோ கேட்டான். இடத்தை மாற்றினால் வான்கோழி திரும்பி உட்காராது, கன்னி அவயம் அப்படித்தான், முதல் தடவை எங்கே உட்காருகிறதோ அதுதான் அதற்கு உலகம் என்றாள் ஒப்துலியா. சரி, கோழி அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் ஊதிப் பழகிக்கொள்கிறேன் என்றான் அபுந்தியோ. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும்னுதான் ஒவ்வொண்ணுலயும் கரியால சிலுவை போட்டு, அடியில ஆணி வச்சிருக்கேன். நீ கூட்டுக்குள்ளயே இடி இடிக்கப் போறேங்கிற. கோயில் கூரையையே உதுத்தவன் நீ. முட்டை எம்மாத்திரம்?”

“நவம்பர்ல அவங்களுக்கு நாம சோறு போடுறது இருக்கட்டும். மே மாசம் நாம போய் வாசிக்கலன்னா அவங்க நவம்பர்ல வரவே மாட்டாங்களே. அப்புறம் யாருக்கு வான்கோழி?” என்றான் அபுந்தியோ.

“வந்துட்டா? வந்து உக்காந்துட்டா, நான் என்னத்தைப் பரிமாற? உன் அடிச்சுரத்தையா?”

நசாரியோ காப்பிக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே கொல்லைப்புறமாகப் போனான். குஞ்சு பொரிக்கும் நாளும் திருவிழா நாளும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது என்று போகும் வழியில் கணக்குப் போட்டு, வழியில் பார்த்த எல்லோரிடமும் புலம்பினான். இரண்டே நாளில் ஊர் முழுக்க இரண்டு கட்சி. சந்தையில் தக்காளி விற்பவள்கூட, நீ தூபா பக்கமா, கோழி பக்கமா என்று கேட்டுவிட்டுத்தான் எடை போட்டாள்.

ரூத்திலியோ தன் பழைய தூபாவைக் கொண்டுவந்து அத்தானிடம் கொடுத்து, இதில் பழகிக்கொள்ளுங்கள் என்றான். அபுந்தியோ ஊதிப் பார்த்தான். ஒட்டுகளின் வழியே காற்று பிய்த்துக்கொண்டு போனது. அடிச்சுரத்துக்கு இறங்கினால் குழாயில் தண்ணீர் வராதபோது வரும் சத்தம் வந்தது. அவன் கோபப்பட்டு இன்னும் ஓங்கி ஊதினான். தெருநாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போயின.

“அத்தான், நீங்க ஊதுறது எனக்கே பயமா இருக்கு. கோழி என்ன செய்யும் பாவம்” என்று ரூத்திலியோ தூபாவை வாங்கிக்கொண்டு போனான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் முதல் மழை வந்தது. ஒப்துலியா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்தே புழுக்கம். எதிர்மலை திடீரென்று பக்கத்தில் வந்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் மழை. கொஞ்ச நேரத்தில் அது இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. அபுந்தியோ முற்றத்தில் காயவைத்திருந்த பீன்ஸை அள்ளிக்கொண்டிருக்கும்போது முதல் இடி விழுந்தது. இரண்டாவது இடிக்குப் பரணிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது.

பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு அவன் ஏணியில் ஏறினான். இடி உருளும்போதெல்லாம் தூபாவின் பித்தளை தானாகப் பாடியது. எவ்வளவு பெரிய வாய். மலையிலிருந்து வரும் சத்தத்தை அது வாங்கித் தனக்குள் வைத்து அதிர்ந்தது. வான்கோழி எழுந்து விளிம்பில் நின்றது. கழுத்துச் சதை வெளுத்துப்போய், ஒரு காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தது. கீழே கரிச் சிலுவை போட்ட முட்டைகள் திறந்து கிடந்தன. பரண் ஓடுகளின் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வந்தது.

அபுந்தியோ இரண்டு கையாலும் பித்தளையைப் பிடித்துப் பார்த்தான். அதிர்வு குறையவில்லை. தூபாவின் உடம்பையே கட்டி அணைத்துப் பார்த்தான். அடுத்த இடிக்கு அவன் பல்லும் சேர்ந்து அதிர்ந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊதுவாயை எடுத்துச் செருகினான். மூட்டைக்கும் கதிர்க் குவியலுக்கும் நடுவில் மல்லாந்து படுத்தால்தான் வாய் எட்டியது. படுத்தான். படுத்த வாக்கில் நெஞ்சு நிறைய மூச்சு எடுக்க முடியாது. உதடும் தளர்ந்துதான் இருந்தது. அந்தத் தளர்ந்த உதட்டோடு, தூங்கும் குழந்தையின் முகத்தில் ஊதுவதைப்போலக் காற்றை விட்டான்.

சுரம் வந்தது. அது அவன் இதுவரை இறங்காத ஆழத்திலிருந்து வந்தது. காதில் விழுந்ததைவிட முதுகுக்குக் கீழே பலகையில்தான் அதிகம் தெரிந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். குழல் முழுவதையும் அவன் மூச்சு நிரப்பியிருந்ததால் இடிக்கு உள்ளே வர இடமில்லாமல் போயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. வெளியே உருண்டது. உள்ளே ஒரே சீரான முனகல். வான்கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது. தூக்கிய காலை உள்ளே வைத்தது. இறக்கையை ஒருதரம் உதறி, முட்டைகளின் மேல் மெல்லத் தாழ்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, தொண்டைக்குள் அதுவும் ஒரு சின்ன முனகல் முனகியது.

ஒப்துலியா மாவுப் பாத்திரத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நனைந்து வந்தாள். வாசலில் பீன்ஸ் மழையில் மிதந்தது. பரணில் ஏதோ சத்தம். அவள் ஏணியில் ஏறிய வேகத்தில் இரண்டு படி விட்டுப்போனது. தலை பரணுக்கு மேலே வந்ததும், திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. புருஷன் செத்தவனைப்போல மல்லாந்து கிடந்தான், கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் லேசாக உப்பி. அவன் தலைமாட்டில் வான்கோழி கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் கிசுகிசுத்தாள்.

“எப்ப இருந்து ஊதுற?”

“ரெண்டாவது இடியில இருந்து. எந்திருச்சிருச்சு. நான்தான் உக்கார வச்சேன்.”

“நிறுத்தாத. இன்னும் இடிக்குது.”

“பீன்ஸ் நனையுது.”

“நனையட்டும்.”

மழை ஓய்ந்த பிறகு, வான்கோழி தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம் பார்த்து, ஒப்துலியா ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வந்தாள். ஒரு முட்டையை அதில் மிதக்கவிட்டாள். உள்ளே உயிர் இருந்தால் அது ஆடும். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டை சும்மா மிதந்தது. பிறகு அது தானாக ஒரு ஆட்டம் ஆடி, கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. ஒப்துலியா முட்டையைத் துடைத்து இடத்தில் வைத்துவிட்டு, கீழே இறங்கி, மிளகாய்க் குழம்பில் ஒரு கரண்டி அவனுக்குக் கூடுதலாக ஊற்றினாள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவன் பரணில் படுத்துக்கொண்டு பழகினான். சத்தம் கொஞ்சம் தடித்தால் வான்கோழி ஒரு கண்ணைத் திறக்கும். அந்தக் கண்ணுக்கு அவன் பயந்தான். நசாரியோவின் கைக்கோலுக்கு ஒருநாளும் பயந்ததில்லை. ரூத்திலியோ கீழே முற்றத்தில் நின்று, தன் பழைய தூபாவில் ஒரு படி மேலே அதே சுரத்தைப் பிடித்தான். அத்தான் மூச்சு வாங்கும்போது தம்பி, தம்பி வாங்கும்போது அத்தான். கேட்பவர்களுக்கு இடைவெளி தெரியாது. நசாரியோ வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, ஒப்துலியாவிடம் வந்து, பல வருஷமாக நான் கத்தியதை ஒரு கோழி சத்தம் போடாமல் செய்துவிட்டது, அதை நவம்பரில் என் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். அதுக்குச் சம்பளம் சோளம்தான், உன்னைவிட மலிவு என்றாள் அவள்.

லாச்சிதாவுக்குக் கிளம்பும் நாள் விடிந்தபோது முட்டைகள் பாதிதான் உடைந்திருந்தன.

பாண்டு முழுக்க அபுந்தியோ வீட்டு முற்றத்தில் நின்றது. வெள்ளைச் சட்டை, தோளில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் டிரம்மும். பள்ளத்தாக்கில் இறங்கித் தொங்குபாலம் தாண்டி எதிர்மலை ஏற வேண்டும். அங்கே ஊர் எல்லையில் லாச்சிதாக்காரர்கள் மெஸ்கால் சாராயத்தோடு காத்திருப்பார்கள். விருந்தாளிப் பாண்டு தாமதமாகப் போவதைவிடப் போகாமலே இருக்கலாம். நசாரியோ ஏணிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஒப்துலியா எல்லோருக்கும் சோளக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் ஓட்டைப் பிச்சு விட்டாத்தான் என்ன?” என்று டிரம் அடிப்பவர் கீழிருந்து கேட்டார்.

“உங்க பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்கும்போது அவசரப்படுத்துனீங்களா?” என்று மேலிருந்து பதில் வந்தது.

ஒவ்வொரு குஞ்சு வெளிவரும்போதும் அவள் மேலிருந்து செய்தி சொன்னாள். முற்றத்தில் டிரம் ஒருமுறை உருண்டது. பிறகு அதட்டல் வந்ததும் விரலால் மட்டும் தட்டினார்கள். வெயில் பாதிரி வீட்டுக் கூரையைத் தொட்ட பிறகு, ஒப்துலியா மடி நிறைய ஈரக் குஞ்சுகளோடு இறங்கினாள். பின்னாலேயே வான்கோழி, அடிக்குரலில் ஏசிக்கொண்டு. உடையாத முட்டை ஒன்று மிச்சம். அதை அவள் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தாயையும் குஞ்சுகளையும் அடுப்படியில் கூடையில் விட்டாள். ரூத்திலியோ தோகையை வாரி எறிந்தான். தூபாவைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு கைப்பிடி முட்டை ஓடு உதிர்ந்தது. உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறதோ. நேரமில்லை. அபுந்தியோ அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். பாண்டு முழுக்க அவன் பின்னால் சரிவில் இறங்கி ஓடியது.

லாச்சிதாவில் நடந்ததை நாங்கள் இன்னும் பேசுகிறோம். குன்றின்மேல் சிலுவையைப் பூ சுற்றித் தூக்கினார்கள். கருவிகள் ஒவ்வொன்றாக நின்றன. அடிச்சுரம் மட்டும் மிச்சம். சாதாரணமாக ஒரு மூச்சு, இரண்டு மூச்சில் சிலுவை உட்கார்ந்துவிடும். அன்று குழி சிறியதாகிவிட்டது. ஆட்கள் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள். ஒருவன் கடப்பாரைக்கு ஓடினான். இன்னொருவன், போன வருஷம் அளந்தது யார் என்று சண்டைக்குப் போனான். இத்தனைக்கும் நடுவில் அந்தச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. வேகமில்லை, தடிப்பில்லை. நாங்கள் நிற்கும் புல்லுக்கடியில் யாரோ ஒரு போர்வையை இழுத்து விரிப்பதைப்போல. அத்தான் மூச்சு வாங்கினான், ரூத்திலியோ தாங்கினான். அபுந்தியோ கண்ணை மூடியிருந்தான். நின்றுகொண்டிருந்தாலும் படுத்திருப்பவனைப்போல அவன் முகம் தளர்ந்திருந்தது. சண்டை போட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் தாமாகவே குரலைத் தணித்துக்கொண்டார்கள். கடப்பாரை வந்தது. சிலுவை உட்கார்ந்தது. அபுந்தியோ அதற்குப் பிறகும் கொஞ்சம் பிடித்திருந்து, விட்ட இடம் தெரியாமல் விட்டான்.

சாப்பாட்டின்போது பிராக்செதிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நவம்பரில் பார்த்த ஆளா இது என்று முதலில் தன் தலையைத் தடவி, எச்சம் எதுவும் விழவில்லையே என்று பார்த்தாள்.

“யாருகிட்டய்யா கத்துக்கிட்ட?”

“ஒரு பொம்பளைகிட்ட.”

“எந்த ஊரு?”

“எங்க வீட்டுப் பரண்லதான் இருந்தா. இன்னைக்குக் காலையிலதான் கீழ எறங்குனா.”

பிராக்செதிஸ் சிரித்த சிரிப்பில் சாப்பாட்டுப் பந்தல் ஆடியது. நவம்பரில் வந்து அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள். கட்டாயம் வா, உங்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, வான்கோழிக் குழம்பு என்று அவன் வாய் நிறையச் சொன்னான்.

மறுநாள் மதியத்துக்குமேல் வீடு திரும்பினான். மூடுபனி முற்றம் வரைக்கும் வந்திருந்தது. ஒப்துலியா குஞ்சுகளுக்கு அவித்த கோழிமுட்டையை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் வைத்த முட்டையும் பொரித்துவிட்டது. எல்லாம் ஈரம் காய்ந்து, மஞ்சளும் பழுப்புமாகப் பஞ்சு உருண்டைகளைப்போல ஓடின. அவன் சிலுவையும் குழியும் கடப்பாரையும் எல்லாம் சொன்னான். எப்படி ஊதினாய் என்று அவள் கேட்டாள். சொன்னால் தெரியாது என்று அவன் வேலியோரம் போய் நின்று, தூபாவைச் சரிசெய்துகொண்டு, அதே சுரத்தை மெல்ல விட்டான்.

குஞ்சுகள் தலையைத் தூக்கின. அடுத்த நிமிஷம், தாய் கூப்பிடக் கூப்பிட, எல்லாம் முற்றத்தைக் கடந்து தத்தித் தத்தி அவனிடம் ஓடி வந்தன. காலைச் சுற்றி நின்றன. ஒன்று அவன் செருப்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. தலைக்குமேல் விரிந்திருந்த பித்தளை வாயை அண்ணாந்து பார்த்துக் கீச்சிட்டன. முட்டைக்குள் இருந்தபோதே கேட்ட சத்தம் அல்லவா.

ஒப்துலியா கிண்ணத்தை நழுவவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அட, நல்லதாப் போச்சு. வளந்துட்டா இதுங்க மரத்து உச்சியில போய் உக்காந்துக்கும், பிடிக்கவே முடியாதுன்னு இருந்தேன். நவம்பர்ல நான் கத்தியத் தீட்டிட்டுச் சொல்றேன். நீ ஒரு ஊது ஊது, போதும்.”

அபுந்தியோ உதட்டிலிருந்து ஊதுவாயை எடுத்தான். கீழே பார்த்தான். செருப்பின்மேல் உட்கார்ந்திருந்த குஞ்சு கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்திருந்தது. அவன் காலை அசைக்காமல் அப்படியே நின்றான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“நாளையில இருந்து நான் ரூத்திலியோ வீட்டுலதான் பழகப் போறேன்.”